சமாதானப் பந்தாட்டத்தில் நான் குப்புற விழுந்தது

புவெர்த்தோ சோலா, கக்கெட்டா

போகோத்தாவில் இருக்கும் அமாலியா அக்காவுக்குத் தம்பி ஹெராக்ளியோ வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால்களும் ஒருவழியாக நலம். உன் நலத்துக்கும் அத்தானின் இருமலுக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வர வேண்டாம். நாட்டில் சமாதானம் வந்துவிட்டது; அதில் மாட்டிக்கொண்டவன் நான். ஊர் முனையில் இருந்த ராணுவச் சாவடியை எடுத்துவிட்டார்கள், லாரிக்காரன் பறக்கிறான், என் சேவல் அவன் சக்கரத்தில் போயிற்று. காட்டில் கெரில்லாவாக இருந்து ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வந்த எடில்சன் என் பக்கத்து வீட்டிலேயே குடிவந்து, சாயங்காலமானால் கிடாரோடு பாட ஆரம்பித்தான், சார்ஜன்டாக ஓய்வு பெற்ற நான் அதையும் சகித்துக்கொண்டேன். போதாததுக்கு மேயர் பழைய சிப்பாய்களுக்கும் பழைய கெரில்லாக்களுக்கும் சமாதானப் பந்தாட்டம் வெச்சார். நான் கோல்கீப்பர். எடில்சன் அடிச்சான், பந்து என் காலுக்கு நடுவுல போச்சு, மேயர் சந்தோஷத்துல சரவெடியக் கொளுத்திட்டார். அவ்வளவுதான், ரெண்டு அணியும் குப்புறப் படுத்துடுச்சு, நடுவரா வந்த பாதிரியார் மட்டும் விசிலோட நிக்கிறார். என் தலை மேல ஒரு கை. "தலையத் தூக்காதீங்க, சார்ஜன்ட்!" எடில்சன்தான். அப்புறம் படுத்தபடியே ரெண்டு பேரும் சிரிச்சோம் பாரு, வயிறு வலிக்க.

அதோட வீட்டுக்குப் போயிருக்கணும். பீர் குடிக்கப் போனோம். நான்தான் கேட்டேன், "ஆத்துப் பாலத்துச் சண்டையில நீ இருந்தியா?"

"மேட்டுப் பக்கம் இருந்தேன், சார்ஜன்ட்."

மேட்டுலேருந்து சுட்டதுலதான் என் கூட்டாளி ரமீரோ அந்தப் பாலத்துல செத்தான். கடை முழுக்கக் கேக்கக் கத்தினேன்: "கொலைகாரா, இனி என் வாசப்பக்கம் வராதே!"

"எங்க ஆளுங்களும் அங்கதான் கிடக்காங்க"ன்னு மெதுவாச் சொல்லிட்டு, தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அன்னிலேருந்து பாட்டு இல்ல, அக்கா. அரசாங்கம் அவன்கிட்ட துப்பாக்கிய மட்டும்தான் வாங்குச்சு, நான் பாட்டையும் வாங்கிட்டேன். குண்டு வருதுன்னு நெனச்ச நேரத்துல அவன் மறைச்சது என் தலைய. இப்படிப்பட்ட தம்பி வீட்டுக்கு நீ எதுக்கு வரணும்? அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தம்பி ஹெராக்ளியோ

பி.கு.: மேலே எழுதினதை விடு, உடனே கிளம்பி வா. வந்து எனக்காக ஒரு வார்த்தை பேசு. மன்னிப்புக் கேக்கத்தான் அவன் கதவைத் தட்டினேன். அவன் திறந்ததும் "வெல்லம் இருக்கா?"ன்னு கேட்டுட்டேன். உள்ள போய் ஒரு கட்டி எடுத்துட்டு வந்து கொடுத்தான். அப்புறம் தினமும் அதே கதை. அலமாரி நிறைஞ்சுபோச்சு. எனக்குச் சர்க்கரை வியாதின்னு ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். நேத்து நான் கேக்கறதுக்கு முன்னாடியே வெல்லத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கதவையே திறந்தான்.