எங்கள் மேளமும் நடுவரின் மஞ்சள் துணியும்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, புல்லின் மேல் கிடந்த ஒரு மஞ்சள் துணி. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் இருந்த நடுவர் அதைத் தன் இடுப்பிலிருந்து உருவி, எங்கள் பக்கமாகத்தான் எறிந்தார். பார்வையாளர் வரிசையில் பதினான்கு பேரை வைத்துக்கொண்டு மேளம் அடித்துக்கொண்டிருந்த நான், அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். (நன்றாக வாசிப்பவரின் தோளில் ஒரு துணியைப் போர்த்தாவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. இங்கே தூரம் அதிகம், அதனால் எறிகிறார் என்று நினைத்தேன்.)

"சூப்பர். அப்ரிஷியேட் பண்றாரு," என்றார் பக்கத்தில் டிரம்பெட்டுடன் நின்ற கார்த்திக். அவர் சென்னைக்காரர், ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் மென்பொருள் வேலை. எதையும் ஆராய்ந்துதான் பேசுவார் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

நான் விசிலை ஊதி வேகத்தைக் கூட்டினேன். சற்று நேரத்தில் இரண்டாவது துணி விழுந்தது.

இப்போது நான் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன். நடுவர் எதை, எதற்காக எறிகிறார் என்பது தெரியும். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. அமெரிக்கக் கால்பந்தின் விதிகளை விளக்கும் ஒரு காணொளியைப் பாதி பார்த்திருந்தேன். மீதிப் பாதியில்தான் விஷயம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் அணி இருந்தது. தலைக்கவசம், தோள்கவசம், முட்டை வடிவப் பந்து. அணித்தலைவன் யோனாஸ் என் வகுப்பு. எங்களிடம் ஒரு வாத்தியக் குழு இருந்தது. வுப்பர்டாலிலும் டோர்ட்மண்டிலும் வளர்ந்த பிள்ளைகள், நாலைந்து டிரம்பெட், டிரம்கள், ஒரு தவில். அடிப்பது பைலா தாளம், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் அடிக்கிற அதே அடி. பெரிய டிரம் அப்பாவின் கையில். அவர் வுப்பர்டாலில் பஸ் ஓட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் பள்ளிக் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காமல் டிரம்மைப் பிடித்தவர். ஆட்டத்தை வென்றது துடுப்பு மட்டை அல்ல, டிரம்தான் என்பதில் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறார்.

எங்கள் சொந்த மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்புகள். ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போட்டால் அரை மணி நேரத்தில் போலீஸ் வரும். அதனால் இடைவேளையில் மட்டும் பத்து நிமிடம் அனுமதி. இடைவேளைக்குப் போவோம், வாசிப்போம், சொசேஜ் சாப்பிடுவோம், வீட்டுக்கு வந்துவிடுவோம். முழு ஆட்டம் ஒன்றை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வருகிற குழுக்களின் வேலையும் அதுவரை அவ்வளவுதான். விருந்தாளியாக வந்து, வாசித்து, சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் அது மாறத் தொடங்கியிருந்தது. சில அணிகள் தங்கள் குழுவைக் கூட்டிவந்து ஆட்டம் முழுவதும் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தன. பதிலுக்கு, சொந்த மைதானத்துக்காரர்கள் இடைவேளையைப் பறித்து டிஜே ஒருவரிடம் கொடுத்தார்கள்.

"நீங்கள் இனி இடைவேளை நிகழ்ச்சி இல்லை," என்றான் யோனாஸ், பல்கலைக்கழக உணவகத்தில் வைத்து. "நீங்கள் எங்கள் பன்னிரண்டாவது ஆள்."

நான் கதிரையிலிருந்து எழுந்தபோது சற்று உயரமாகியிருந்தேன். அன்று மாலையே குழுவைக் கூட்டி, இந்தப் புதிய பொறுப்பைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினேன். (நடுவில் எழுந்துபோன அப்பா, வண்டிக்குப் பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் முடித்திருக்கவில்லை.)

ஆனால் எனக்கு இடைவேளையும் வேண்டும். இரண்டு மாதமாக ஒரு சூப்பர்மார்க்கெட்டின் வாகனத் தரிப்பிடத்தில் அணிவகுத்து நடக்கப் பழகியிருந்தோம். அதைப் புல்வெளியில் பார்ப்பதற்காகப் பெற்றோர்கள் வேன் பிடித்து, ரோல்ஸ் கட்டிக்கொண்டு வரப்போகிறார்கள். எங்கள் அணி அடுத்து ஆடவிருந்த வெளியூர் மைதானத்தின் ஒழுங்கமைப்பாளர் கெர்லாக் அம்மையாரிடம் தொலைபேசியில் கெஞ்சினேன். தூரத்திலிருந்து வருகிறீர்கள், பத்து நிமிடம் தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை. நடுவரிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் பத்து நிமிடமும் டிஜேக்குப் போய்விடும்.

எனக்கு அந்த நிபந்தனையை நினைக்கவே பயமாக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. டெர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்து வாங்கிய நேரம், அவருக்கு வேதவாக்கு.

"டெர்மின் எடுத்தாச்சு. இந்த நாட்டில டெர்மின் எடுத்தவனை ஒருத்தரும் அசைக்கேலாது. நீ ஏன் பயப்பிடுறாய்?"

ஆட்ட நாளில் எங்களுக்கு இருந்தது ஒரே விதி, அப்பா சொன்னது. "எங்கட ஆள் துடுப்போட நிக்கேக்க உயிரைக் குடுத்து அடி. மற்றவன் நிக்கேக்க தண்ணியைக் குடி." கிரிக்கெட்டுக்கு இது சரி. நாங்கள் இதை அப்படியே கொண்டுவந்தோம். பந்து எங்கள் அணியிடம் இருக்கும்போதெல்லாம் அடித்து நொறுக்கினோம். எதிரணியிடம் போனதும் ஒழுக்கமாகத் தண்ணீர் குடித்தோம்.

அமெரிக்கக் கால்பந்தில் நேர்மாறு. பந்து வைத்திருக்கிற அணியின் தலைவன், ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் தன் ஆட்களுக்குக் குரல் கொடுப்பான். அவர்கள் குனிந்து நின்று, அந்தக் குரலைக் கேட்டு, ஒரே கணத்தில் பாய வேண்டும். கேட்காமல் ஒருவன் முந்தி அசைந்துவிட்டால் தவறு. மஞ்சள் துணி விழும், அணி ஐந்து கெஜம் பின்னால் போகும். எங்கள் ஆட்களுக்குச் சரியாகக் கேட்க வேண்டிய நேரத்தில், சரியாக அவர்களுடைய காதுக்கு நேரே, பதினைந்து பேர் அடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் அணிக்கு எதிராக அந்தப் பருவத்தில் மிகச் சிறப்பாகச் செயல்பட்டவர்கள் நாங்கள்தான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் எதிரணி ரசிகர்கள். மூன்றாவது துணி விழுந்ததும் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் ஒரு பெரிய தட்டு நிறைய பிரெட்சல் ரொட்டி கொடுத்தனுப்பினார்.

"பாத்தியே," என்றார் அப்பா, ஒன்றை எடுத்துக் கடித்தபடி. "கலைக்கு எதிரியெண்டு ஒருத்தரும் இல்லை."

நான்காவது துணிக்குப் பிறகு, யோனாஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தான்.

"வானதி, நிறுத்து."

"ஏன், வேகம் போதாதா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் சொல் இல்லை. "நான் கத்துவது என் ஆட்களுக்கே கேட்கவில்லை. பந்து எங்களிடம் இருக்கும்போது நீங்கள் மூச்சுக்கூட விடக்கூடாது."

"அப்படியானால் எப்போது அடிப்பது?" என்று அப்பா ஜெர்மனில் கேட்டார்.

"பந்து அவர்களிடம் இருக்கும்போது."

அப்பா கோலை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எதிரிக்கு மேளமோ? என்ர சீவியத்தில நான் செய்யேல்லை. இனியும் செய்யமாட்டன்."

"அப்பா, அது அவங்களைக் குழப்புறதுக்கு."

"குழப்புறதுக்கோ?" கோல் திரும்பவும் கைக்கு வந்தது. "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே."

யோனாஸுக்குப் பின்னாலேயே கெர்லாக் அம்மையார் வந்துவிட்டார். நடுவர் முறைப்பாடு செய்திருக்கிறார். வீரர்கள் வரிசையில் நின்றபின் எந்தப் பக்கத்திலிருந்தும் மேளம் கேட்கக் கூடாது, அதற்கு முன் எவ்வளவும் அடிக்கலாம். இடைவேளை டிஜேக்கு. இவை மூன்றையும் ஒரே மூச்சில், குரலை உயர்த்தாமல் சொன்னார். பெற்றோர்கள் மேல் வரிசையில் ரோல்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கைபேசியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

"எப்ப பிள்ளை இறங்குறியள்?" என்று அம்மா மேலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

இரண்டாவது கால்பகுதி. பந்து எதிரணியிடம். நாங்கள் அடித்தோம். அவர்கள் வரிசையாக வந்து குனிந்ததும் நான் விசிலை ஊதினேன், பதினைந்து பேரும் ஒரே இடத்தில் வெட்டினோம். உண்மையில் எங்கள் திறமை அதுதான். அடிக்க யாராலும் முடியும். சேர்ந்து நிறுத்துவதற்குத்தான் இரண்டு மாதம் பிடித்தது. மைதானம் திடீரென்று காலியானதுபோல் ஆயிற்று. அந்த அமைதியில், அதுவரை தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு குனிந்த ஒரு பெரிய உருவம் மட்டும் தனியாக முன்னால் பாய்ந்தது. துணி விழுந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று.

"இப்போ அவங்கள அப்ரிஷியேட் பண்றாரு," என்றார் கார்த்திக்.

பிரெட்சல் வருவது நின்றுவிட்டது.

இடைவேளை வந்தது. டிஜேயின் ஒலிபெருக்கி தொடங்கியது. நான் குழுவையும் பெற்றோர்களையும் கூட்டி, பத்து நிமிடம் போய்விட்டது, என்னால்தான் போனது என்று சொன்னேன். தவில்காரன் வாரை அவிழ்க்கத் தொடங்கினான். அதைவிட யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா மைதானத்தைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் பார்த்தார். "சனம் முழுக்க அங்க சொசேஜுக்கு நிக்குது. இஞ்ச ஆருக்கு அடிக்கிறதுக்கு அழுறாய்?"

பார்வையாளர் வரிசை காலி. டிஜேக்கு முன்னால் ஒருவரும் அவருடைய நாயும் நின்றார்கள். மற்ற எல்லோரும் பின்னால், சொசேஜ் கடைக்கும் பியர் கடைக்கும் முன்னால், நீண்டு வளைந்த இரண்டு வரிசைகளில். புல்வெளிக்கு மட்டும்தான் நிபந்தனை இருந்தது. கடைத்தெருவுக்கு இல்லை.

நாங்கள் அணிவகுத்து அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவால் நுழைந்தோம். வாகனத் தரிப்பிடத்தில் பழகிய நடை இங்கே கச்சிதமாகப் பொருந்தியது (இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம்). முதலில் தோள்கள் அசைந்தன. பிறகு கடுகுச் சாஸ் ஒழுகும் சொசேஜைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் இடுப்பை ஆட்டினார். அதன்பின் வரிசை வரிசையாக இல்லை. எதிரணியின் உற்சாக நடனப் பெண்கள் வந்து தவிலைச் சுற்றி நின்றார்கள். பெற்றோர்கள் ரோல்ஸைப் பங்கிட்டார்கள். டிஜே ஒலியைக் குறைத்துவிட்டு வந்து இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். கெர்லாக் அம்மையார் கைகளைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். அவருடைய வலது பாதம் மட்டும் வேறு விதமாக நடந்துகொண்டது.

ஒரு பெண் என் அம்மாவிடம் கேட்டார், "இவர்கள் யார்?"

"என் பிள்ளைகள்," என்றார் அம்மா ஜெர்மனில்.

"எல்லோருமா?"

"எல்லோரும்."

அதில் கார்த்திக்கும் அடக்கம். அவர் அம்மாவைவிட எட்டு வயதுதான் இளையவர். அதன்பின் அவர் டிரம்பெட்டை ஊதிய விதத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பத்து நிமிடம் கேட்டிருந்தோம். நடுவர் விசில் ஊதி ஆட்டத்துக்குக் கூப்பிடும்வரை வாசித்தோம்.

ஆட்டத்தில் எங்கள் அணி மூன்று புள்ளிகளால் தோற்றது. அந்த மூன்று புள்ளியும் எந்த மஞ்சள் துணிக்குள் போயிற்று என்று யோனாஸ் இன்னும் கணக்குச் சொல்கிறான், பெரும்பாலும் என் பிறந்தநாளில். எங்கள் வீட்டில் வேறொரு வழக்கம் வந்துவிட்டது. அப்பா ஏதாவது அலுவலகத்துக்கு அழைத்து, தொலைபேசியில் காத்திருக்கும்போது யாராவது சத்தம் போட்டால், ஒரு கையை உயர்த்தி, "பந்து எங்களிட்ட," என்பார். வீடு முழுவதும் அடங்கிவிடும். மிக்ஸி உட்பட.

இந்த வருடமும் அந்த மைதானத்திலிருந்து எங்கள் குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எங்கள் அணிக்கு அங்கே இந்த முறை ஆட்டமே இல்லை.