இமயமலையில் ஒரு மோட்டார் சாவி

மலாய் நாட்டின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னையாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். சின்னையாவின் மோட்டாரைத் தெரியாதவர்கள் கிடையாது. மோட்டார் என்றால் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்தான். சிவப்பு நிறம், எழுபது சிசி. வாங்கி ஆறு வருஷமாகியும் சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை மனிதர் கிழிக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்தால் வெந்துவிடும். வெந்தால் என்ன, தொடைக்குத் தோல் மறுபடி வளரும், சீட்டுக்கு வளருமா என்பார்.

அவருக்கு லாரி கம்பெனியில் கணக்கப்பிள்ளை வேலை. வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஐந்து நிமிஷ நடை. ஆகவே திங்கள் முதல் சனி வரை மோட்டார் பழைய சாரோங்கைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை முதலில் மோட்டாருக்குக் குளியல், அப்புறம் சின்னையாவுக்கு. பிறகு இரண்டு பேரும் காப்பிக்கடை வரைக்கும் போய்விட்டு வருவார்கள்.

அவர் மனைவி கருப்பம்மாளோ விடியுமுன் எழுந்து, அரை மணி நேரம் நடந்து, பெரிய ரோட்டு முச்சந்தியில் பஸ் பிடித்து கமுந்திங் தொழிற்சாலைக்குப் போகிறவள். சாயங்காலம் அதே அரை மணி நேரம் திரும்ப. பதினெட்டு வருஷம் மலைத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாள். முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் தொழிற்சாலைக்கு வந்துவிட்டாள்.

"என்னாங்க, மோட்டார் சும்மாதானே நிக்குது? முச்சந்தி வரைக்கும் நான் ஓட்டிட்டுப் போறேனே. மாரியம்மா கடை ஓரமா நிப்பாட்டிட்டு பஸ் ஏறிக்கிறேன்."

"பொம்பளைக்கு பேலன்ஸ் வராது புள்ள."

"தோள்ல காண்டாக் கம்பு, ரெண்டு பக்கமும் வாளி நெறைய பாலு. பதினெட்டு வருஷம் மலையிலேருந்து எறங்கியிருக்கேன். ஒரு சொட்டு சிந்தினதில்ல."

"அது ரப்பர் பாலு. இது பெட்ரோலு."

கருப்பம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சின்னையாவுக்குப் பயம் வந்துவிட்டது. பேசுகிற பெண்டாட்டியை நம்பலாம், பேசாத பெண்டாட்டியை நம்பக்கூடாது என்பது அவர் சித்தாந்தம். அன்றைக்கே மோட்டார் சாவியைக் காகிதத்தில் சுற்றி யாருக்கும் தெரியாத ஓரிடத்தில் ஒளித்து வைத்தார். தன் மூளையை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் இமயமலை குறுக்கே வந்தது.

ஈப்போவில் துரைசிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மலை ஏறும் சங்கம் ஒன்று நடத்திவந்தார். எண்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் நேப்பாளம் போவதென்று முடிவாயிற்று. போக்கரா பட்டணத்திலிருந்து நாலு நாள் நடை. காட்டு வழி, அப்புறம் மலை முகடு, கடைசியில் பனிச் சிகரத்தின் காலடியில் பேஸ் கேம்ப். சின்னையா முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்.

பேர் கொடுத்த மறுநாளே நெஞ்சு நாலு அங்குலம் அகன்றுவிட்டது. முடிவெட்டுகிற கடையில் இமயமலை, மீன் மார்க்கெட்டில் இமயமலை. கோயில் கமிட்டித் தலைவர் அப்பாவு, "திரும்பி வந்ததும் கோயில் மண்டபத்துல மாலை போடுறோம்லா" என்று வாக்குக் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் கட்டுகிற துணியில் எழுத வாசகம் வேண்டுமே? 'இமயம் தொட்ட சிங்கம்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒருவர் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆறு மாதம் பயிற்சி. ஞாயிறு தவறாமல் துரைசிங்கத்தின் கார் வந்து சின்னையாவைத் தைப்பிங்கில் உள்ள மேக்ஸ்வெல் மலைக்கு ஏற்றிப் போகும். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். மோட்டாருக்குக் காப்பிக்கடை போகும் யோகம் நின்றுபோனது. இருந்தும் டாங்கியில் பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

"என்னா வெயிலு! ஓட்டாமலே பெட்ரோல் ஆவியாப் போவுது" என்று சின்னையா அலுத்துக்கொண்டார்.

"ஆமாங்க. இந்த வருஷம் வெயில் சாஸ்திதான்" என்றாள் கருப்பம்மாள்.

புறப்பட ஒரு மாதம் இருக்கையில் துரைசிங்கம் வீட்டுக்கு வந்தார். "ஒராள் வரேல்லையாம் சின்னையா. ஒரு இடம் கிடக்கு. உம்மட மனுசியையும் கூட்டிக்கொண்டு வாருமன்."

சின்னையா சிரித்தார். "இவளா? பஸ் படி ஏறவே மூச்சு வாங்குவா சார்."

தேத்தண்ணீரோடு வந்த கருப்பம்மாள் கிளாஸை வைத்துவிட்டு, "வாரேன் சார்" என்றாள். "தோட்டத்தை வித்தப்ப குடுத்த பணம் எனக்கு இருக்கு."

சின்னையாவுக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. சிங்கம் மலையேறும்போது பின்னால் பெண்டாட்டி தூக்குச்சட்டியோடு வந்தால் சிங்கத்துக்கு என்ன மரியாதை? ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஆகவே சவால் விட்டார்.

"சரி, வா. ஆனா ஒண்ணு. எனக்கு முன்னாடி நீ பேஸ் கேம்ப்ல கால் வச்சுட்டா மோட்டார் சாவிய உன் கையில குடுத்துடறேன். பின்னாடி வந்தியோ, சாவுற வரைக்கும் மோட்டார்ங்கிற பேச்சே உன் வாயில வரக்கூடாது. சம்மதமா?"

"சார், கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் கருப்பம்மாள்.

"ஓம். நான்தான் சாட்சி" என்றார் துரைசிங்கம். அவருக்கு ஏக குஷி.

போக்கராவில் வழிகாட்டியாக வந்தவர் தன்பகதூர். ஒரு காலத்தில் கூர்க்காப் படையில் இருந்து பேராக் காடுகளிலெல்லாம் அலைந்தவராம். மலாய் அழகாகப் பேசினார். சுங்கை சிப்புட் என்றதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. வயிறு வலித்தாலும், தலை சுற்றினாலும், மலை உயர்ந்தாலும், "பெலான் பெலான்" என்பார். மெல்ல மெல்லப் போ என்று அர்த்தம்.

சின்னையாவுக்கா மெல்ல? முதல் இரண்டு நாளும் அவர்தான் முன்னால். காடு முழுக்கச் செக்கச்செவேல் என்று பூத்திருந்தது. கிளைக்குக் கிளை பாசி தொங்கியது. அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. விறுவிறு என்று ஏறுவார், திரும்பி நின்று இடுப்பில் கை வைத்து, வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வார், பிறகு மறுபடி ஏறுவார். கருப்பம்மாள் கடைசி ஆளாக வந்தாள். மரம் வெட்டப் போகும்போது போட்ட அதே பழைய கேன்வாஸ் சப்பாத்து. ஈப்போவில் வாங்கிய தோல் பூட்சை, கனமாக இருக்கிறது என்று கையில் எடுத்து வந்தாள். ஓடவும் இல்லை, உட்காரவும் இல்லை.

மூன்றாம் நாள் முகடு வந்தது. பாதை ஒரு முழம். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் அதைவிடப் பள்ளம். சின்னையாவின் முழங்கால் தானாகவே மடங்கி, உள்ளங்கை தானாகவே தரையைத் தொட்டது. நாலு காலில் போனார். சிங்கம் நாலு காலில் போவதுதானே இயற்கை!

பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னாங்க, எதையாச்சும் தொலச்சுட்டீங்களா?"

"பூ பாக்குறேன்!"

"இங்க ஏதுங்க பூவு?"

மெதுவாகத் தலையைத் திருப்பினார். கருப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கூட வந்த சமையல்காரருக்கு உடம்பு முடியவில்லையாம். அவருடைய இரண்டு தண்ணீர் வாளியையும் ஒரு கம்பில் மாட்டித் தோளில் போட்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "வழி விடுங்க" என்று ஓரமாக அவரைத் தாண்டிப் போனாள். "இஸ்த்ரி குவாட்!" என்று தன்பகதூர் சின்னையாவின் முதுகில் தட்டினார். உன் சம்சாரம் பலசாலி என்று பாராட்டுகிறார். சிவப்பு மோட்டார் சின்னையாவின் கண் முன்னால் வந்து நின்று, போய் வருகிறேன் என்று ஹாரன் அடித்தது.

மறுநாள்தான் பேஸ் கேம்ப். பனி மிதிக்க வேண்டும். பனிக்கு பூட்ஸ் வேண்டும். அந்தச் சாயங்காலம் எல்லோரும் அடுப்பருகே குளிர்காய்ந்தபோது சின்னையா மட்டும் கூடாரத்துக்குள் நுழைந்தார். கருப்பம்மாளின் பூட்ஸ் வாசலோரம் ஜோடியாக நின்றது. அதைத் தூக்கித் தன் பைக்குள், துணிகளுக்கு அடியில் அழுத்தித் திணித்தார். என்ன கனம்! நல்ல தோல் என்று நினைத்துக்கொண்டார்.

விடியுமுன் புறப்பாடு. பதினெட்டு வருஷம் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பில் போய் நிற்க விடியுமுன்னே எழுந்து ஓடியவளுக்கு மணி அடிக்க வேண்டுமா என்ன? எல்லோருக்கும் முன்னால் தலை சீவி நின்றாள்.

"பூட்ஸ காணோமுங்க."

"அய்யய்யோ! நல்லாத் தேடினியா? நரி கிரி தூக்கிட்டுப் போயிருக்கும். சரி விடு, நீ கூடாரத்துலயே இரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"பரவால்லங்க. இதையே போட்டுக்கறேன்" என்று கேன்வாஸ் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

முதல் மணி நேரம் சின்னையா பறந்தார். இரண்டாவது மணி நேரம் நடந்தார். மூன்றாவது மணி நேரம் ஓர் அடி வைத்தால் நாலு மூச்சு விட்டார். பை தோளை அறுத்தது. தன்பகதூர் அருகில் வந்து, பையைக் கொடு, நான் தூக்குகிறேன் என்று கை நீட்டினார். கொடுக்கலாமா? கொடுத்தால் திறப்பார்களா? திறந்தால் மானம் கப்பலேறிவிடாதா?

"வேணாம்! என் சுமைய நானே தூக்குவேன்!"

"பாருங்கோ, ஆம்பிளை எண்டால் இதுதான்!" என்று துரைசிங்கம் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பை இன்னும் கனத்தது.

கருப்பம்மாள் அதே நடையில் வந்து சேர்ந்தாள். "மூஞ்சி வெளுத்துப் போச்சேங்க. அந்தப் பையக் குடுங்க."

"தொடாதே!"

"கொஞ்ச தூரம் தூக்கறேனே. பொண்டாட்டிதானே?"

"தொடாதேன்னா தொடாதே!" பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். "சரி, பாத்து வாங்க" என்று அவள் மேலே போனாள்.

சூரியன் வந்தது. சிகரம் உச்சி முதல் அடி வரை பொன்னாய் நின்றது. அதன் கீழே, பழைய சேலைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிய ஓர் உருவம் நிமிர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. ஈப்போ டவுன் ஆட்கள் எல்லாம் பின்னால். சின்னையாவுக்கு மோட்டார் மறந்துபோனது. அடி சக்கை! அது என் பெண்டாட்டி! இந்த மலைக்குக் கேட்கும்படி கத்தவேண்டும் போலிருந்தது. மூச்சு இல்லாததால் கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கருப்பம்மாள் பேஸ் கேம்பின் கல் குவியல் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? என் பூட்ஸ எடுங்க. கால் வெறைக்குது."

"எந்த பூட்ஸ்?"

"உங்க பையில அடியில இருக்கறது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளே பையைத் திறந்தாள். இடது பூட்சுக்குள் கை விட்டு இரண்டு சார்டின் டின் எடுத்தாள். வலது பூட்சிலிருந்து ஒரு பாட்டில் நெத்திலி சம்பல், ஒரு கட்டுச் சோறு, கற்பூரப் பொட்டலம்.

"இம்புட்டுக் கனத்த மலைமேல யாருங்க தூக்கறது? எப்படியும் ஒளிப்பீங்கன்னு தெரியும். அதான் எல்லாத்தையும் உள்ள அடச்சு, கைக்கு எட்டுற மாதிரி வாசல்ல வச்சேன்."

துரைசிங்கம் சிரித்துச் சிரித்துப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பம்மாள் பூட்சை மாட்டிக்கொண்டு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். சம்பல் பிசைந்த முதல் உருண்டையை, சுமந்து வந்தவருக்குத்தான் கொடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மாதிரி ருசியை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை.

ஊர் திரும்பினார்கள். வந்ததும் சின்னையா செய்த முதல் வேலை, அப்பாவுவிடம் போய் அந்தத் துணியை வாங்கி, 'சிங்கம்' மேல் தாள் ஒட்டி, தன் மனைவி பேரைத் தன் கையாலேயே எழுதியது. முடிவெட்டுகிற கடையில், "எட்டுப் பேர்ல யாருலா மொதல்ல? நம்ம வீட்டு ஆளுலா!" என்று மேசையைத் தட்டினார். பூட்ஸ் சமாசாரத்தை மட்டும் சொல்லவில்லை.

மாலை போடும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சொன்ன சொல் தவறலாமா? கருப்பம்மாளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சாவியை எடுத்து நீட்டினார். நீட்டும்போதே கடைசி நம்பிக்கை ஒன்று தலை தூக்கியது.

"சாவி உனக்குத்தான். ஆனா லைசென்ஸ் வேணுமே! கத்துக்கணும், டெஸ்டு போகணும். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நானே…"

கருப்பம்மாள் சுருக்குப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவள் படம். அவள் பேர். தேதி, நேப்பாளம் போவதற்கு இரண்டு மாதம் முந்தி.

"எப்ப கத்துக்கிட்ட?"

"நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மலையேறப் போனீங்களே, அப்பதான்."

"யாரு மோட்டாருல?"

"நம்ம மோட்டாருலதான்."

"சாவிய நான் ஒளிச்சுல்ல வச்சிருந்தேன்!"

"அரிசி டின்லதானே ஒளிச்சீங்க? தெனமும் சோறாக்குறது யாருங்க?"

சின்னையாவுக்கு ஆவியாகிப் போன பெட்ரோலெல்லாம் ஞாபகம் வந்தது. கொட்டகைக்கு நடந்தார். சாரோங் விலகியது. கருப்பம்மாளின் முதல் மிதியிலேயே மோட்டார் உறுமியது. எஜமானி யாரென்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. சின்னையா வேட்டியை மடித்துக் கட்டி, தயங்கித் தயங்கிப் பின்னால் ஏறி, சுடுகிற பிளாஸ்டிக் உறை மேல் நெளிந்தார்.

கருப்பம்மாள் திரும்பாமலே சொன்னாள். "ஆடாம உக்காருங்க. பேலன்ஸ் முக்கியம்."