முடிச்சூர் முக்காலி

மூன்று முடிச்சு போட்டு, முடிச்சூரில் குடியேறியவன் நான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த முடிவையும் நான் எடுத்ததில்லை. எடுத்ததெல்லாம் ஃபோட்டோ மட்டும் தான்.

அதற்கும் ஒரு நாள் வேட்டு வந்தது. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சரோஜினி எங்கள் ஆல்பங்களை எல்லாம் புரட்டிவிட்டு, என் மனைவி ஜோதிலட்சுமியிடம் பரிதாபமாகக் கேட்டாள்.

"அண்ணா ரொம்ப வருஷம் துபாய்ல இருந்தாங்களாக்கா?"

"இல்லையே. ஏன் கேக்கறே?"

"காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதுலயுமே அண்ணாவைக் காணோமே!"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. கிண்டியைத் தாண்டி வேலைக்குப் போகாதவனை துபாய்க்கு அனுப்பிவிட்டாளே! எல்லாப் படத்தையும் எடுத்தவன் நான். அதனால் எந்தப் படத்திலும் இல்லாதவனும் நான். ஒரே ஒரு முறை கேமராவை மைத்துனன் மகேஷிடம் கொடுத்தேன். கழுத்துக்குக் கீழே பிரமாதமாக எடுத்திருந்தான். சட்டை நன்றாக விழுந்திருப்பதாக வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்றே சபதம் எடுத்தேன். மாமனார் அரிகிருஷ்ணனுக்குத் திருநீர்மலையில் அறுபதாம் கல்யாணம் வருகிறது. அந்தக் குடும்பப் படத்தில் நான் இருப்பேன். தலையோடு இருப்பேன்.

அதற்குக் கேமரா சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஒரு ஸ்டாண்ட் வேண்டும். அங்கே தான் சிக்கல். முன்பு ஒரு தடவை மலிவாகக் கிடைத்ததே என்று நோஞ்சானாக ஒரு ஸ்டாண்ட் வாங்கி, குன்றத்தூர் மலைக்குக் கொண்டுபோனேன். முருகனைப் பார்த்த மரியாதையிலோ என்னவோ, கேமராவோடு குப்புற விழுந்து கும்பிட்டது. என் காலை வாரியவர்கள் பலர் உண்டு. தன் காலையே வாரிக்கொண்டது அது ஒன்று தான். "இன்னொரு ஸ்டாண்ட் இந்த வீட்டுக்குள்ள வந்தா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஜோதி அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

யோசித்தேன். தடை 'ஸ்டாண்ட்' என்ற சொல்லுக்குத் தானே? கேமரா ஸ்டாண்டான ட்ரைபாடுக்கு நல்ல தமிழில் என்ன? முக்காலி! தமிழைப் போல ஒரு மொழி உண்டா?

அன்று மாலை காபி குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஜோதி, ஒரு முக்காலி வாங்கலாம்னு பாக்கறேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேங்க. லாஃப்ட்ல இருக்குற அண்டாவை எடுக்க எட்டவே மாட்டேங்குது. எவ்வளவு உயரம்?"

"ஏத்தி இறக்கிக்கலாம்."

"முக்காலியையா?"

"இப்ப வர்றதெல்லாம் அப்படித் தான். மடக்கிக்கூட வைக்கலாம். பையோட வரும்."

"முக்காலிக்குப் பையா!"

"தூசி படக் கூடாது பாரு."

"எவ்வளவு வெயிட் தாங்கும்?"

"ரெண்டு கிலோ" என்று உளறிவிட்டேன்.

ஜோதி தன்னை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. "சரி, வாங்குங்க. ஆனா கெட்டியா பாருங்க. ஆடக் கூடாது" என்றாள். ஏமாந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே குஷி.

இரண்டு நாள் கழித்து மேற்குத் தாம்பரத்தில் லோகநாதன் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"வா சார். ஸ்டாண்டு தானே?" என்றார் லோகநாதன், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"விலை கம்மியா இருக்கணும். ஆனா விழக் கூடாது."

"இத்தப் பாரு சார். காலு மூணும் கெட்டி. மண்டை இரும்பு, பிளாஸ்டிக் இல்ல. மேல கைய வச்சு அமுக்கு. ஆடுதா?"

என் முழு பலத்தையும் கொடுத்து அமுக்கினேன். நான் தான் ஆடினேன்.

"நடுவுல கீதே கொக்கி, அதுல ஒரு பைய மாட்டி வுட்டுட்டீனா, காத்து அடிச்சாக்கூட அசையாது."

"இன்னும் லேசா, சின்னதா எதாவது?"

"அது வேணாம் சார், பேஜாரு" என்று அலமாரியைச் சாத்தினார். விலை சொன்னார். பேரம் பேச நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே குறைத்துவிட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பூகம்பத்தை எதிர்பார்த்துப் பையைப் பிரித்தேன். ஜோதி அமைதியாகக் காலை எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. முக்காலி தான். சரியா இருக்கு."

அவ்வளவு தான்! திட்டே இல்லை.

"இது தானாவே கேமராவைப் பிடிச்சுக்குமா?"

"பிடிச்சுக்கும்."

"நீங்க பக்கத்துலயே நிக்கணுமா?"

"வேண்டவே வேண்டாம். டைமரைத் தட்டிவிட்டாப் போதும். கையே தேவையில்ல" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப உங்க ரெண்டு கையும் சும்மா தான் இருக்கும்?"

"சும்மா தான் இருக்கும்!"

ஜோதி தலையாட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசேஷ வீட்டில் கேமரா என்பது வெறும் கேமரா இல்லை. அது கழுத்தில் தொங்கும் வரை யாரும் உங்களிடம் வேலை சொல்ல மாட்டார்கள். அதை நம்பித் தான் இத்தனை வருஷமும் மாமனார் வீட்டு விசேஷங்களில் நான் ராஜா மாதிரி உலவினேன். அதை நானே கழற்றி மூன்று காலில் மாட்டிவிட்டேன் என்பது திருநீர்மலை மண்டபத்தில் தான் புரிந்தது.

"ஏங்க, முக்காலி நிக்கட்டும். பந்தியில ஆள் பத்தலை" என்று என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தாள் ஜோதி.

"நான் படம் எடுக்கணுமே!"

"கையே தேவையில்லைன்னு நீங்க தானே சொன்னீங்க?"

முதல் பந்திக்கு ஊற்றினேன். இரண்டாம் பந்திக்கும் ஊற்றினேன். "மாப்பிள்ளை, இங்க கொஞ்சம் கெட்டியா" என்று, என்னை ராஜாவாகப் பார்த்தவர்கள் எல்லாம் இலையைக் காட்டினார்கள்.

திடீரென்று மேடையிலிருந்து ஜோதியின் குரல். "ஏங்க, ஓடி வாங்க! ஃபோட்டோ!"

நிமிர்ந்து பார்த்தேன். குடும்பம் முழுவதும் மாமனார், மாமியாரைச் சுற்றி நிற்கிறது. முக்காலி கம்பீரமாக நிற்கிறது. அதன் கொக்கியில் ஜோதியின் கைப்பை தொங்குகிறது. டைமரை அவளே தட்டிவிட்டு மேடை ஏறியிருக்கிறாள். சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது. நான் ஓடினேன். வாளியை வைக்க ஏது நேரம்? ஜோதிக்கும் மகேஷுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் போய் நின்றேன். பளிச்!

"உனக்கு டைமர் எப்படித் தெரியும்?" என்றேன், மூச்சு வாங்க.

"லோகநாதன் தான் சொல்லிக்குடுத்தாரு. நீங்க முக்காலின்னு சொன்ன மறுநாளே போய், கெட்டியானதை மட்டும் காட்டுங்க, விலையைக் குறைச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வந்தேன். விட்டா நீங்க மறுபடியும் நோஞ்சானைத் தூக்கிட்டு வருவீங்க."

"அப்ப, தெரியுமா உனக்கு?"

"ரெண்டு கிலோ தாங்குற முக்காலி வேற என்னவா இருக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் பழைய ஆல்பங்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் ஜோதிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. "நெருங்கி நில்லு ஜோதி, நெருங்கி நில்லு" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! ஒரு தடவையும் அவள் நகர்ந்ததில்லை. என் பேச்சைக் கேட்காதவள் என்று நினைத்திருந்தேன். எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வைத்தவன். அவளிடமே அதைச் சொன்னேன். "சரி சரி, விசேஷத்துக்கு இறக்கின அண்டாவை மறுபடி லாஃப்ட்ல ஏத்துங்க" என்றாள். ஆனால் அவள் கண் கலங்கித் தான் இருந்தது.

படம் இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. நான் தலையோடு இருக்கிறேன். கையில் வாளியோடும் இருக்கிறேன்.

நேற்று சரோஜினி வந்து அதை வெகுநேரம் ரசித்தாள்.

"அண்ணா, அடுத்த வாரம் எங்க வீட்ல வளைகாப்பு. நீங்க கண்டிப்பா வரணும்."

"அதுக்கென்னம்மா, படம் எடுத்துட்டாப் போச்சு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படத்துக்குத் தான் அக்கா ஸ்டாண்டை இரவல் தர்றாங்களேண்ணா. நீங்க பந்திக்கு வந்துடுங்க." பிறகு ஜோதி பக்கம் திரும்பினாள். "ஸ்டாண்டைத் திருப்பிக் குடுக்கறப்ப மடக்கணுமே, கஷ்டமாக்கா?"

"சுலபம்" என்றாள் ஜோதி, என்னைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டையுமே நான் தானே மடக்கினேன்!"