கிரேன் அண்ணையின் தண்ணிச் சொதி

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நிற்கிற கப்பல்களை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தாலும், கிரேன் அண்ணையை அவர் பிடித்த பிடியிலிருந்து ஓர் அங்குலம் அசைத்திருக்க முடியாது. இப்படியான மனிதர்களைப் பற்றி எழுதும்போது ‘அன்பானவர், பண்பானவர்’ என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. என் காலைச் சாப்பாட்டை மாதக்கணக்கில் குட்டிச்சுவராக்கிய மனிதர் அவர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். சொந்தப் பெயர் என்னவென்று மின்சார பில் கொண்டுவருகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். கிரேன் உச்சியில் இருந்துகொண்டு கீழே நிற்கிறவர்களுக்குக் கத்திக் கத்தியே வாழ்ந்தவர் என்பதால், பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஆளிடம் நேரம் கேட்டாலும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீடும் மணிக்கூட்டைப் பார்க்கும். கோபம் என்றால் கிழமை நாள் பார்க்காத கோபம். கேஸ் சிலிண்டரோடு சண்டை பிடிப்பார். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலப் புள்ளிமான்கள் திரியும்; ஒருமுறை அவருடைய குரோட்டன் செடியை மேய வந்த மானை மறித்து வைத்துக்கொண்டு நியாயம் கேட்டார். மான்தான் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு போனது.

அந்த மனிதர் குரலை உயர்த்தாத ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருடைய மனைவி பூமணி அக்கா.

அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்தபோது கிளினிக் டொக்டர் ஒரேயொரு கட்டளை போட்டு அனுப்பினார். கட்டித் தேங்காய்ப்பால் இனி வாயில் படக் கூடாது. அதைவிட அக்காவை மூச்சு விட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இடியப்பமும் சொதியும் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் விடிந்ததில்லை. சொதி என்றால் லேசான சாமான் இல்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் தண்ணிப்பாலில் வெந்த பிறகு, கட்டிப்பாலை விட்டு, திரைய விடாமல் துழாவி இறக்கித் தேசிக்காய் பிழிந்தால், இளமஞ்சளாக அகப்பையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ச்சல்காரனும் பரீட்சையில் கோட்டை விட்டவனும் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு எழும்பி நடப்பார்கள். அந்தக் கட்டிப்பாலைத்தான் டொக்டர் நிறுத்தினார்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டார். பருப்போடு கொடுத்தால் தொண்டைக்குள் இறங்கவில்லை என்றார். பாண் துண்டைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பைக்குள்ளேயே வைத்தார். கையில் கிடந்த காப்பு முழங்கை வரைக்கும் வழுகத் தொடங்கியது. ஒரு நாள் கிரேன் அண்ணை எங்கள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக அவருடைய குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை.

“தம்பி, சொதி குடிச்சால் நெஞ்சு நிண்டுபோகுமாம். குடிக்காட்டில் இவள் பசியிலயே போயிடுவாள் போல கிடக்கு.”

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

“கட்டிப்பால் இல்லாமச் சொதி வைக்கப்போறன். அவளுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.”

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

குசினிக்குள் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத மனிதர் அடுப்பைப் பற்றவைத்தார். முதலில் கொழுப்பு நீக்கிய பசுப்பாலில் சொதி வைத்தார். அதில் தேசிக்காயையும் பிழிந்தார். அது சட்டிக்குள்ளேயே திரைந்து கட்டி கட்டியாக நின்றது. தயிருக்காகத் தம்பலகாமம் போகிறவர்கள் அன்றைக்கு எங்கள் ஒழுங்கையோடு திரும்பியிருக்கலாம். அடுத்ததாக ஓட்ஸ் போட்டார். அந்தச் சொதியால் மதிலில் நோட்டீஸ் ஒட்டலாம். மிச்சத்தை வாசலில் நின்ற மானுக்கு வைத்தார். எங்கள் ஊர் மான்கள் பொலித்தீன் பையையே தின்னக் கூடியவை. அந்த மான் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனது.

இதெல்லாம் அவருடைய குசினிக்குள் நடந்து முடிந்திருந்தால் எனக்கு ஏன் கோபம் வருகிறது? ஒவ்வொரு நாளும் விடியக் காலையில், நான் பல் விளக்க முதல், மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தோடு படலையில் வந்து நிற்பார்.

“குடிச்சுப் பாருங்கோ.”

“அக்காவிட்ட குடுத்துக் கேளுங்கோவன் அண்ணை.”

“அவளிட்ட கேட்டுப் பிரயோசனமில்லை. என்னத்தைக் குடுத்தாலும் ஒரு வாய் குடிச்சிட்டுப் ‘போதும்’ எண்டுவாள். எனக்கு நல்ல நாக்கு வேணும்.”

நல்ல நாக்கு எங்கள் வீட்டிலும், எதிர்வீட்டு றஹீமா ராத்தா வீட்டிலும், வரிசையாக மற்ற வீடுகளிலும் இருப்பதாக அவரே முடிவு செய்திருந்தார். எங்களை யாரும் கேட்கவில்லை. நல்லா இருக்கிறது என்று சொன்னால் வெடிப்பார். “பொய் சொல்லாதேங்கோ. நல்லா இருந்தால் ஏன் முகம் இப்பிடிக் கோணுது?” சரியில்லை என்று சொன்னால் அதற்கும் வெடிப்பார். “உங்களுக்கு என்ன தெரியும் சொதியைப் பற்றி?” ஒன்றும் சொல்லாமல் நின்றால், “வாயில கொழுக்கட்டையோ?” என்று கேட்பார். மூன்று வழியையும் அடைத்துவிட்டு நிற்கிற மனிதரிடம் நீங்கள் எந்த வழியால் தப்புவீர்கள்?

லண்டனில் இருக்கிற அவருடைய மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். கிறீம் இல்லாமல் கிறீம் சூப் வைப்பது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரி சிரித்துச் சிரித்துக் காட்டுகிறாள். உருளைக்கிழங்கை அவித்து மசித்துக் கரைத்தால் தடிப்பு வருமாம். கிரேன் அண்ணை அந்தப் பெண்ணோடு போனிலேயே சண்டை பிடித்தார். “இதைச் சொல்ல ஏன் பிள்ளை இவ்வளவு சிரிப்பு?” பிறகு அவள் சொன்னபடியே உருளைக்கிழங்கு போட்டார். பிறகு பூசணி. பிறகு ஈரப்பலாக்காய். நான் கந்தோருக்குப் போகிற வழி முழுக்க ஏவறை விட்டுக்கொண்டு போனேன். மேசையில் என்னோடு இருக்கிறவர், “உங்களுக்கு ஏதும் வருத்தமோ?” என்று கேட்டார். ஓம், எனக்கு அயல்வீட்டு வருத்தம் என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது கிடையாது. இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கிரேன் அண்ணை கொண்டுவந்த தண்ணிச் சொதியை நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கி முடிக்க, என் மனைவி சாந்தி கிண்ணத்தைக் கழுவி, எங்கள் வீட்டுச் சொதியை, கட்டிப்பால் தளதளக்க, விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொடுப்பாள். எதிர்வீட்டு றஹீமா ராத்தா கட்டிப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக் கொடுப்பார். மற்ற வீடுகளும் கொடுத்தன.

நான் ஒருநாள் கேட்டேன். “அந்தாள் இதை அக்காவுக்குக் குடுத்திட்டால்?”

“கிரேன் அண்ணையோ? ஒரு சொட்டு அக்காவின்ர பக்கம் போகாது. நீங்கள் பயப்பிடாதேங்கோ” என்றாள் சாந்தி.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அக்காவுக்குப் போகாவிட்டால் எங்கே போகிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் சுரைக்காய்தான் கைகொடுத்தது. பாலையூற்றில் ஒரு தோட்டத்துக்குச் சைக்கிளில் போய் இளம் சுரைக்காய் வாங்கிவந்து, அவித்து, மசித்து, வடித்து, மூன்றாம் தரம் பிழிந்த தண்ணிப்பாலில் கலந்து, வறுத்த அரிசிமா ஒரு தேக்கரண்டி கரைத்து விட்டார். நான் அன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் கிண்ணத்தைத் தூக்கினேன். குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அன்று மத்தியானம் ஒழுங்கை முழுக்க அவருடைய குரல் கேட்டது.

“ரெண்டாந்தரம் கேட்டவள். கேட்டியளோ? பூமணி ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னவள்.”

இத்தோடு விட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவர் விடவில்லை. ஒரே சொதி என்றால் அக்காவுக்கு அலுத்துவிடுமாம். ஒரு நாள் முருங்கைக்காய், ஒரு நாள் கத்தரிக்காய், ஒரு நாள் தக்காளி. கிண்ணம் வந்துகொண்டே இருந்தது, நிரம்பித் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. இதற்கிடையில் அவருடைய வயிறு பெருத்து, உடுத்த சாரம் அதில் நிற்காமல் இறங்கத் தொடங்கியது. ஓய்வுபெற்றவர்தானே என்று விட்டுவிட்டோம். படலைக்கு வந்தால் உடனே திட்டாமல் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். பெரிதாகத் திட்டுவதற்கு ஆயத்தம் பண்ணுகிறார் என்று நான் நினைத்தேன்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் அக்காவின் றிப்போட்டைப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டாராம். கொழுப்பு இறங்கியிருக்கிறது, நிறை கூடியிருக்கிறது. கிரேன் அண்ணை வெற்றிப் பிரசங்கம் செய்ய எழும்பியிருக்கிறார். டொக்டர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

“ஐயா, ஏன் இப்பிடி வேர்க்குது? கொஞ்சம் இந்தக் கட்டில்ல படுங்கோ.”

“நான் ஏன் படுக்கிறது? வருத்தம் அவவுக்கு. நான் கூட வந்தனான்.”

“படுங்கோ ஐயா.”

“ஆள் மாறிக் கதைக்கிறியள் டொக்டர்...”

இந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. அதே கட்டிலில் விழுந்துவிட்டார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு நாள் கழித்துத்தான் ஆளைப் பார்க்க விட்டார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டு, முகட்டில் சுழல்கிற மின்விசிறியை முறைத்தபடி கிடந்தார். டொக்டர் வந்து, இவர் வீட்டில் என்ன சாப்பிடுகிறவர் என்று கேட்டார். கிரேன் அண்ணை வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. பூமணி அக்காதான் சொன்னார்.

“இவையள் கிண்ணத்தில ஊத்திக் குடுக்கிறது எல்லாத்தையும் இவர்தான் குடிக்கிறவர், டொக்டர். ஒவ்வொரு வீட்டுச் சொதியும். வட்டிலப்பமும். எனக்கு வாசம் வந்தால் ஆசை வந்திடுமெண்டு, பின்பக்கம் கிணத்தடியில நிண்டு குடிச்சவர். கொட்டுங்கோ எண்டனான். குடுத்த சாப்பாட்டைக் கொட்டுறதோ எண்டு என்னோட கோவிச்சவர்.”

எனக்கு எங்கே இருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, நோயாளி என்றும் பார்க்கவில்லை.

“உங்களுக்கு விசரோ அண்ணை? வெறுங் கிண்ணத்தைத் தாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ? நாள் முழுக்கக் கத்துற வாய்தானே. இதை மட்டும் சொல்ல ஏலாமல் போச்சோ?”

றஹீமா ராத்தாவும் சேர்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்தபடிதான் ஏசினார். “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வட்டிலப்பம் அனுப்பியிருப்பனா? ஒங்களக் கொல்லவா நான் முட்டய அடிச்சன்?” சாந்தி ஒரு பக்கம். தாதி ஓடிவந்து எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளப் பார்த்தாள். அந்த இரைச்சலுக்குள் கிரேன் அண்ணை மெல்லிய குரலில் சொன்னார்.

“உங்கட சொதி வேண்டாம், என்ர சொதியை மட்டும் குடியுங்கோ எண்டு எந்த வாயால தம்பி கேக்கிறது? அப்பிடிக் கேட்டால் அடுத்த நாள் நீங்கள் படலை திறப்பியளோ? எனக்கு உங்கட நாக்கு வேணுமாய் இருந்தது.”

தாதி எங்களைத் தள்ளத் தேவையில்லாமல் போயிற்று. நாங்களாகவே வெளியே வந்தோம்.

அடுத்த நாள், தண்ணிப்பாலில் வைத்த சாப்பாடு கொஞ்சம் கொண்டுவரலாம் என்று டொக்டர் சம்மதித்தார். எங்கள் ஒழுங்கை முழுக்கச் சுரைக்காய் அவிந்தது. என் வீட்டில் நான்தான் வைத்தேன். சாந்தி கிட்ட வந்தால் கத்தினேன். மசிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டு அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

வார்ட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்து ஒவ்வொருவராக விரட்டினார். “இதில உப்பில்லை.” “சுரைக்காய் வேகேல்லை.” “அரிசிமா பச்சை மணக்குது. ஆர் இதை வைச்சது?” மனிதர் தேறிவிட்டார் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முறை வந்தது. ஒரு வாய் குடித்தார். திட்டு எந்தப் பக்கத்தால் வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கிண்ணத்தை மூடி என்னிடமே நீட்டினார்.

“அவள் வெளியில மர வாங்கில குந்தியிருக்கிறாள். மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. இதை அவளுக்குக் குடுங்கோ.”

நான் அதைக் கொண்டுபோய்ப் பூமணி அக்காவிடம் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் முழுவதையும் குடித்து முடித்தார். கிரேன் அண்ணை இப்போது வீட்டில்தான் இருக்கிறார். விடியற்காலையில் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்கிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை, அதை ஆற்றிக்கொள்ளவும் எனக்கு அவசரமில்லை. அவர் நெடுங்காலம் உயிரோடு இருக்க வேண்டும், நான் நெடுங்காலம் அவரோடு கோபமாக இருக்க வேண்டும்.