பக்கத்து வரிசை

வரவேற்பறைச் சுவரில் மூன்று புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள். மூன்றாவது தன்னுடையதுதான் என்று கண்டுபிடிக்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. படத்துக்கு முன்னால் ஆளுயரத் தொட்டிச் செடி ஒன்று நின்றது. அதன் அகலமான இலை அவருடைய மூக்கிலிருந்து மோவாய் வரை மறைத்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு கண்களும், புதருக்குள் பதுங்கியிருக்கும் திருடனின் கண்களைப் போல விழித்தன.

முதல் படத்தில் வானியற்பியல் துறைத் தலைவர். முடியை வளர்த்துப் பின்னால் கட்டியிருப்பதால் ஆராய்ச்சி நிறுவனம் முழுக்க அவருக்கு 'வால்நட்சத்திரம்' என்று பெயர். இரண்டாவது படத்தில் மருத்துவ ஆய்வுத் துறையின் தலைவி. குறட்டை விடுகிறவர்களின் இதயம் என்ன பாடுபடுகிறது என்று ஆராய்வதால் 'குறட்டை டாக்டர்'.

இலைக்குப் பின்னால் இருந்தவர் நம்மவர். நுகர்வோர் நடத்தை ஆய்வுத் துறையின் தலைவர். பெரிய கடைகளில் தள்ளுவண்டியோடு சுற்றும் ஜனங்கள் எதை எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள், பில் போட எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவருடைய ஆராய்ச்சி. ஆகவே 'தள்ளுவண்டி'.

படங்களுக்கு மேலே, 'இந்த ஆண்டின் சிறந்த துறை விருது: இறுதிச் சுற்று' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தள்ளுவண்டி இந்த நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இறுதிச் சுற்று. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வால்நட்சத்திரத்தின் படத்துக்கு மேலே தனி விளக்கு எரிவதைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றில் பற்றிக்கொண்டது.

சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. இடுப்பைக் கொடுத்துத் தொட்டியை மெல்ல வால்நட்சத்திரத்தின் பக்கம் நகர்த்த ஆரம்பித்தார். பாதி வழியில் கையில் காபியோடு குறட்டை டாக்டர் வந்து நின்றார்.

"என்ன சார், செடியோட மல்லுக்கட்டுறீங்க?"

"இல்ல மேடம்... செடிக்கு அங்க வெளிச்சம் பத்தலை."

"அப்படியா? அப்ப என் படத்துக்கு முன்னாடியே வச்சிடுங்களேன். நல்லா மறைக்கிற மாதிரி. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். முகமே தெரியாவிட்டாலும் ஜெயித்துவிடுவாராமே, என்ன ஒரு திமிர்! தள்ளுவண்டி கோபத்தில் தொட்டியை ஓங்கித் தள்ளினார். தொட்டி சாய்ந்து, உருண்டு, சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. சேற்றுத் தண்ணீர் எகிறி, சுவரில் மற்ற எல்லா இடத்தையும் விட்டுவிட்டு, அவருடைய படத்தின் மேல்தான் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த வால்நட்சத்திரம் தன் கைக்குட்டையாலேயே அந்தப் படத்தைத் துடைத்தார்.

"அடடா, சார்! ஒண்ணு செய்வோம். என் படத்தைக் கழட்டிடறேன். அந்த விளக்குக்குக் கீழ உங்க படத்தை மாட்டிடுவோம். விருது உங்களுக்குத்தான் சார் வரணும். மனசாரச் சொல்றேன்."

தள்ளுவண்டிக்குக் காதில் புகை வந்தது.

அன்று மாலை வீட்டில், கணக்கு டீச்சரான அவர் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் வேண்டாங்கிறாங்க. நீங்க வேணுங்கிறீங்க. இதுல சிக்கல் எங்க இருக்கு?"

"விருது வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா? அது பெருந்தன்மையாம். அவங்க பிச்சை போடுவாங்களாம், நான் கை நீட்டி வாங்கிக்கணுமாம்."

"ஏங்க, உங்க ஆராய்ச்சி எதைப் பத்தின்னு நீங்களே மறந்துட்டீங்களா?"

"எது?"

"பக்கத்து வரிசை."

தள்ளுவண்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆய்வு அது. வரிசையில் நிற்கிறவனுக்கு எப்போதும் பக்கத்து வரிசைதான் வேகமாக நகர்கிறது. அதே போல, பக்கத்து ஆளின் தள்ளுவண்டியில் இருப்பதைப் பார்த்ததும், தேவையோ இல்லையோ, தனக்கும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறான்.

"அது ஜனங்களைப் பத்தின ஆராய்ச்சி. என்னைப் பத்தினது இல்ல" என்றார் அவர் கம்பீரமாக.

மனைவி சிவப்புப் பேனாவால் யாருடைய விடையையோ ஓங்கி அடித்தாள்.

மறுநாள் உணவகத்தில் விருதுக் குழுவின் தலைவி தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மையார். நல்ல சமயம் என்று தள்ளுவண்டி தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் யாரையும் குறை சொல்றதில்ல மேடம். ஆனா ஒரு விஷயம் உங்க காதுல போட்டுடணும். நம்ம வானியல்காரர், ஏதோ ஒரு நட்சத்திரம் பக்கத்துல இருந்த கிரகத்தை முழுங்கினதைக் கண்டுபிடிச்சேங்கிறாரே, அது எப்ப நடந்ததுன்னு கேட்டீங்களா?"

"எப்ப?"

"பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி! அந்த வெளிச்சம் இங்க வந்து சேரவே அவ்வளவு நாளாச்சு. செத்த வீட்டுக்கு இவ்வளவு லேட்டா போயிட்டு, நான்தான் முதல்ல வந்தேன்னு சொன்னா எப்படி?"

தலைவியின் கரண்டி பாதியில் நின்றது. கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாயின.

"அப்படின்னா... மேல பார்த்தா நமக்குத் தெரியறது எல்லாமே பழைய காலமா?"

"ஆமா மேடம். எல்லாம் பழைய சரக்கு!"

"அடேயப்பா! இத்தனை வயசாச்சு, இதை யாருமே எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்லை!"

சூப்பை அப்படியே வைத்துவிட்டு அவர் நேராக வானியற்பியல் துறைக்குப் போனார். போன கையோடு குழுவின் மற்ற உறுப்பினர்களையும் வரவழைத்தார். அன்று பிற்பகல் முழுவதும் அங்கே நாற்காலி போதாமல் ஆட்கள் தரையில் உட்கார்ந்து நட்சத்திரப் படங்களைப் பார்த்தார்களாம்.

சாயங்காலம் வால்நட்சத்திரம் வியர்த்து வழியத் தள்ளுவண்டியின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? எதுக்கு என்னைப் பத்தி அவங்ககிட்ட உயர்வாப் பேசுனீங்க?"

"உயர்வாவா? நானா?"

"வேணாம் சார். இனிமே என் பேச்சையே எடுக்காதீங்க. கை கூப்பிக் கேட்டுக்கிறேன்."

உண்மையாகவே கை கூப்பினார். குத்திக் காட்டுவதற்குக்கூட இவ்வளவு நாசூக்கா என்று தள்ளுவண்டி பல்லைக் கடித்தார்.

வானியல் முந்திவிட்டது. இனி குறட்டை டாக்டரையாவது பின்னுக்குத் தள்ள வேண்டும். மறுநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்ட குழு உறுப்பினர் ஒருவரை நிறுத்தினார்.

"மருத்துவத் துறைக்கு முன்னறிவிப்பு இல்லாம ஒரு தடவை போய்ப் பாருங்க சார். பட்டப்பகல்ல எல்லாரும் போர்த்திக்கிட்டுத் தூங்குறாங்க. வேலை நடக்கிற இடமா அது?"

உறுப்பினர் போனார். ஆய்வுக்கு வந்தவர்கள் உடம்பெல்லாம் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தார். 'நானும் கொஞ்சம் படுத்துப் பார்க்கலாமா?' என்று கேட்டார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அறைக்கதவு அதிரும்படி குறட்டை விட்டார். கருவியில் அவருடைய இதயத் துடிப்பு தாறுமாறாகத் துள்ளியது. குறட்டை டாக்டர் உடனே இதய நிபுணரிடம் அனுப்ப, அங்கே, 'நல்ல நேரத்தில் வந்தீர்கள்' என்றார்களாம். அதன் பிறகு அவர் போகிற இடமெல்லாம், "அந்த அம்மா எனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தாங்க" என்று தழுதழுத்துக்கொண்டு திரிந்தார்.

தள்ளுவண்டிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒரு ஆள் உயிர் பிழைச்சிருக்கார். அதுக்காகவாவது சந்தோஷப்படுங்களேன்" என்றாள் மனைவி.

"பிழைக்கட்டும். வேற துறையில பிழைச்சிருக்கக் கூடாதா?"

"உங்க துறையில எப்படிங்க பிழைக்கிறது? சோப்பு வாங்கியா?"

போதாக்குறைக்குக் குறட்டை டாக்டரே தேடி வந்தார். கண்களின் கீழே கருவளையம்.

"சார், உங்களை என் கூடப்பிறந்த அண்ணனா நினைச்சுக் கேட்கிறேன். இனிமே என் துறைக்கு யாரையும் அனுப்பாதீங்க. எனக்கு இப்பல்லாம் தூக்கமே வர்றதில்லை."

"சந்தோஷத்துலயா மேடம்?" என்று கேட்டார் தள்ளுவண்டி. அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். 'அண்ணனாம் அண்ணன்!'

மற்றவர்களைத் தள்ளிவிடப் பார்த்தால் அவர்கள் மேலே போகிறார்கள். இனி தானே ஏற வேண்டியதுதான். குழு தன் துறைக்கு வரும் நாளுக்காக அவர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

துறையின் பெரிய அறையை ஒரு கடையாகவே மாற்றிவிட்டார். அலமாரிகள், பிஸ்கட் பொட்டலங்கள், கோபுரமாக அடுக்கிய டப்பாக்கள், இரண்டு பில் மேசைகள். குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து, "உங்க வீட்டுக்கு வாங்குற மாதிரி வாங்குங்க" என்றார்.

முதலில் கூச்சத்தோடு ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்தார்கள். தலைவி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் ஒன்று எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் இரண்டு எடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் ஊறுகாய் அலமாரி காலி. பிறகு வரிசையில் நின்றார்கள். ஐந்தாறு பேர்தான். ஆனாலும் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குத் தாவி, அங்கிருந்து இங்கே ஓடி, "நான்தான் முன்னாடி நின்னேன்!" என்று கத்தினார்கள். உயிர் பிழைத்த உறுப்பினர் தலைவியின் வண்டியைக் குறுக்கே முந்தப் போய் டப்பாக் கோபுரத்தைச் சரித்தார். ஒரு டப்பா உருண்டு வந்து, குழுவோடு வந்திருந்த நிறுவன இயக்குநரின் கால் பெருவிரலைப் பதம் பார்த்தது.

தள்ளுவண்டிக்கு உயிரே போய்விட்டது. ஒரே நிமிடத்தில் எல்லாம் பாழ்! எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும். எதைச் சொன்னால் இயக்குநர் மனம் குளிரும்? செலவு! வானியலுக்கு மலை உச்சியில் தொலைநோக்கி வேண்டும். மருத்துவத்துக்குப் படுக்கை, கருவி, நர்ஸ் வேண்டும்.

"ஒண்ணு கவனிச்சீங்களா சார்?" என்று நொண்டிக்கொண்டிருந்த இயக்குநரைத் தாங்கிப் பிடித்தபடி ஆரம்பித்தார். "எங்க ஆராய்ச்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம்."

இயக்குநர் நொண்டுவதை நிறுத்தினார்.

"எந்தக் கருவியுமே வேண்டாமா?"

"எதுவும் வேண்டாம். ஒரு நல்ல கண்ணு இருந்தா போதும்."

"அப்ப இவ்வளவு பெரிய அறை?"

"இதெல்லாம் இன்னிக்கு உங்களுக்காகப் போட்டது சார். எங்க ஆராய்ச்சிக்கூடமே வெளியில இருக்கிற கடைங்கதான். அறையே இல்லாட்டியும் ஆராய்ச்சி ஒரு நாள்கூட நிக்காது!"

தலைவியும் இயக்குநரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் தள்ளுவண்டியின் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் இதுவரை இல்லாத ஒரு கனிவு இருந்தது.

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டு இருந்தோம்" என்றார் அவர்.

விருது தள்ளுவண்டிக்கே கிடைத்தது.

அரங்கத்தில் அவர் பெயரைச் சொன்னதும், முதலில் எழுந்து நின்று கை தட்டியது வால்நட்சத்திரம்தான். தட்டினார், தட்டினார், நிறுத்தவே இல்லை. குறட்டை டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி நீண்ட மூச்சு விட்டார். தள்ளுவண்டி மேடைக்குப் போகும் வழியில் வால்நட்சத்திரம் பாய்ந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். தோள் நனைந்தது.

"உங்களை மறக்கவே மாட்டோம் சார்" என்றார் விம்மலோடு.

கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கி வந்ததும் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அவர் எதுக்குங்க இப்படி அழறார்?"

"வேறென்ன? பொறாமை" என்றார் தள்ளுவண்டி. அந்தச் சொல்லை நாக்கில் வைத்து மிட்டாய் போல் சப்பினார். இத்தனை நாளாக எரிந்த வயிறு முதல் முறையாகக் குளிர்ந்தது. அவர்களைப் பார்த்துக்கூட இப்போது கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. "விடு, பாவம். தோத்தவங்க மனசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

விழா முடிந்ததும் புகைப்படக்காரர் அவரையும் மனைவியையும், துறையில் வேலை செய்யும் மற்ற இரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். வாயாடியான ஆள். மோவாயைத் தூக்குங்கள், கேடயத்தை இறக்குங்கள் என்று படுத்தி எடுத்தார்.

"வருஷா வருஷம் நீங்கதான் எடுக்கிறதா?" என்று பெருமை தாங்காமல் கேட்டார் தள்ளுவண்டி.

"ஆமா சார், ஆரம்பத்துல இருந்தே நான்தான்."

"போன வருஷம் வாங்கினது எந்தத் துறை? வால்நட்சத்திரமா?"

"இல்ல சார், தாவரவியல்" என்று புகைப்படக்காரர் கேமராவுக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சொன்னார். "அவங்களுக்கும் கடைசிப் படம் நான்தான் எடுத்தேன், அவங்க துறை இருந்த இடத்துலதான் இப்ப என் காரை நிறுத்திட்டு வந்திருக்கேன்... எங்க, எல்லாரும் கொஞ்சம் சிரிங்க!"