எதிர்வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்
18.12.2006

கொடைக்கானல் குளிரில் நலமாக இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் அகஸ்டின் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெயமேரியின் புருஷன் காஸ்பர் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், நீங்கள் கொடுத்த கிறிஸ்துமஸ் மரத்தைத் தவிர.

மே மாதம் இரண்டு கன்றுகள் கொண்டுவந்து, ஒன்றை எனக்கும் மற்றதை உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் எதிர்வீட்டு ஜெயராஜுக்கும் கொடுத்தீர்கள். ஒரே தோட்டம், ஒரே உயரம் என்றீர்கள். நம்பினேன். இன்றைக்கு அவன் மரம் தளதளவென்று நிற்கிறது, என்னுடையது தேய்ந்த விளக்குமாறு மாதிரி நிற்கிறது. நல்லதை சிநேகிதனுக்கும் நோஞ்சானைத் தங்கை வீட்டுக்கும் கொடுக்க எப்படி மனசு வந்தது மச்சான்?

நான் கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பீங்கான் சூளை வைத்திருப்பவன் வீட்டு மரம் மண்தொட்டியில் நின்றால் ஊர் சிரிக்காதா? உள்ளேயும் வெளியேயும் நீல மெருகு பூசி, என் கையாலேயே ஒரு ஜாடி சுட்டேன். அடியில் ஓட்டை கிடையாது, ஒரு சொட்டு ஒழுகாது. தினமும் ஒரு குடம் தண்ணீர். அந்த ஜெயராஜ், விரிசல் விட்டதென்று நான் குப்பையில் போட்ட தொட்டியைப் பொறுக்கிக்கொண்டுபோய் நட்டான். ஊத்துற தண்ணியெல்லாம் விரிசல் வழியா வாசலுக்கு ஓடுது. அந்த லட்சணத்துல அதுக்குப் புதுத்துளிர் வேற!

ஐப்பசி மழையில என் மரம் மஞ்சளாச்சு. தாகம்னு நெனச்சு ரெண்டு குடமா ஊத்துனேன். உங்களுக்குப் போன் போட்டா, "மாப்ள, இது வாழை இல்ல. உச்சி வெயில்ல இலை வாய மூடிக்கிட்டு, உள்ள இருக்கிற தண்ணியப் பத்திரமா வெச்சுக்கும். மழைக்காலத்துல மண்ணு ஈரமே போதும். குளிர் வந்துட்டா வேரு மெதுவாத்தான் உறிஞ்சும், அப்பப் போயி ஊத்துனா மூச்சுமுட்டி அழுகிடும்"னு சொன்னீங்க. மரம் வாய மூடிக்குமாம்! நெசமான ரகசியத்த அவனுக்குச் சொல்லிட்டு எனக்குக் கதை வுடுறீங்க.

மதில் ஓரமா நின்னும் பாத்துட்டேன். வாரத்துக்கு ஒரு சொம்புதான் ஊத்துறான், அதுவும் மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு. உங்க தங்கச்சி ஜன்னல்ல நின்னுக்கிட்டு, "ஜெயராஜ் அண்ணனுக்கு ராசியான கைங்க"ன்னு சொல்றா. எவனுக்கு மச்சான் வயிறு எரியாது? நேத்து பங்குச் சாமியார் வந்தாரு, கோயில் குடிலுக்குப் பக்கத்துல எந்த மரத்த வெக்கலாம்னு பாக்க. எங்க வூட்டுல காபியக் குடிச்சிட்டு அவன் மரத்த எடுத்துக்கிட்டாரு. பொறாமைதான், ஒத்துக்குறேன். நீங்க உடனே சாமியாருக்குப் போன் போட்டு, கன்னு கொடுக்கும்போது மாறிப்போச்சு, அது தங்கச்சி வூட்டு மரம்னு ஒரு வார்த்தை சொல்லணும்.

நான்சி அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். பிறக்கப்போகும் பாலன் உங்கள் வீட்டில் சமாதானத்தைப் பொழிவாராக.

தங்கள் அன்புள்ள
காஸ்பர்

பி.கு.: போன் வேணாம் மச்சான். இத எழுதி முடிச்ச கொஞ்ச நேரத்துல சாமியார் ஆள் அனுப்புனாரு. ஜெயராஜ் தொட்டி ஒழுகி, குடில் வைக்கோலெல்லாம் நனையுதுன்னு என் ஜாடியைக் கேட்டாரு. என் மரத்தப் புடுங்கிப் பாத்தா வேரு பூரா அழுகிக் கெடக்குது. நீங்க சொன்னது அத்தனையும் நெசம், மன்னிச்சுக்குங்க. ஜாடியக் கழுவி நானே தூக்கிட்டுப் போயி, அவன் மரத்த அதுல நட்டுட்டு வந்தேன். காஸ்பருக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு சாமியாரே சொன்னாரு. திருநாள் முடியுற வரைக்கும் தண்ணி ஊத்துற பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். தினமும் ஒரு குடம்.