துரை துப்பாக்கியின் மூணாவது திருகாணி

அன்னைக்கு எனக்கு ஒரே வேலை. மூணு திருகாணியைச் சரி பண்ணிக் கொடுக்கணும். அவ்வளவுதான்.

ஈப்போவுல எனக்கு நகைப் பட்டறை. தோட்டுத் திருகாணி, மூக்குத்தித் திருகாணின்னு எத்தனையோ செஞ்ச கை இது. ஆனா அன்னைக்கு வந்தது துப்பாக்கித் திருகாணி!

கொண்டு வந்தவரு சூசை கிராணி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல எழுத்து வேலை. கோட்டு, தொப்பி, அடியில மடிச்சு விட்ட கால்சட்டை. உடுப்புல துரை மாதிரிதான் இருந்தாரு. மூஞ்சி மட்டும் அழுத மூஞ்சி.

சிகரெட் டின்னைத் திறந்து மூணு ஆணியைக் கொட்டினாரு.

"எங்க துரையோட தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கிண்ணே. துரை தைப்பிங் மலைக்குப் போயிருக்காரு. துடைச்சு வையின்னு சொன்னாரு. நான் உள்ளயும் துடைக்கலாமேன்னு கழட்டினேன்."

"எதால கழட்டுனீங்க?"

"பேனாக்கத்தி லா." மலாய்க்காரங்க மாதிரி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவாரு.

எடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு தலையிலயும் மயிரிழைக் கோட்டுல ஒரு பூ செதுக்கியிருக்கு. நடுவுல திருப்புறதுக்கு ஒரு வெட்டு. கத்தி வழுக்கி வெட்டும் பிஞ்சு, பூவுல பாதியைக் காணோம்.

"நாளைக்குக் காலையில விருந்தாளியோட பன்னி வேட்டைக்கு வாராரு. இதப் பாத்தா என் வேலை போச்சுண்ணே! வீடும் தோட்டத்து வீடு. பிள்ளைங்களோட எங்க போவேன்?"

"வேற ஆணி போட்டா?"

"அந்தந்த ஓட்டைக்கு அந்தந்த ஆணிதான் சேருது. முயற்சி பண்ணிட்டேன்."

பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா வாய் சும்மா இருக்குமா? "காதுக்கும் மூக்குக்கும் செய்யறவன் நான். இதெல்லாம் ஒரு வேலையா? உக்காருங்க!"

அரக்குல பதிச்சேன். பிதுங்கின இரும்பைச் சின்னச் சுத்தியால தட்டித் தட்டி உள்ள தள்ளினேன். வெட்டை அரத்தால நேராக்கி, பூவை உளியால மறுபடி எடுத்தேன். இரும்பு என்ன தங்கமா, சொன்ன பேச்சு கேக்க? ரெண்டு உளி முனை உடைஞ்சுது. ஆனா மத்தியானத்துக்குள்ள மூணு பூவும் பூத்துருச்சு.

பாக்கி இருந்தது நிறம் ஏத்துறது. கரி நெருப்புல பதமா காட்டினா இரும்பு மயில் கழுத்து நிறத்துக்கு வரும். ஒண்ணு வந்துச்சு. ரெண்டு வந்துச்சு. மூணாவதைச் சாமணத்துல தூக்கி, "பாருங்க கிராணி, என் கைவேலையை!"ன்னு நீட்டினேன்.

டிங்!

தெறிச்ச ஆணியைக் காணோம்.

வாசல் வழியா ஓடியிருக்கும்னு ரெண்டு பேரும் தெருவுக்குப் பாஞ்சோம். என் சம்சாரம் வள்ளி உள்ளருந்து கேட்டா: "ஏங்க, துணி கருகுற வாடை வருதே?"

"நெருப்புக்குள்ளயே கிடக்கறவன்டி நான். வாடையெல்லாம் எனக்குத் தெரியும். நீ போ!"

தெரு முழுக்க மண்டி போட்டுத் தேடியும் இல்ல. திரும்பி வந்தா, பட்டறை பளிச்சுனு இருக்கு.

நகைப் பட்டறைக் குப்பையை யாரும் தெருவுல கொட்ட மாட்டோம். அதுல தங்கத் தூள் கிடக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேத்துறதுக்கு முன்னால கூட்டி, ஆத்துல மணலை அலசி ஈயம் எடுக்கற சீனத்து ஆ சூ அக்காவுக்குக் கொடுத்துடறது வழக்கம். அன்னைக்கு வெள்ளிக்கிழமை!

"இப்பத்தான் அள்ளிட்டுப் போச்சு"ன்னா வள்ளி.

ஓடினோம். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு, கிராணி தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு. கிந்தா ஆத்துல ஆ சூ அக்கா முழங்கால் தண்ணியில நின்னு மரத்தட்டைச் சுழட்டிக்கிட்டு இருந்துச்சு.

"அக்கா! நாந்தி! நாந்தி! கொஞ்சம் பொறு! அதுல எங்க ஆணி இருக்கு!"

அக்கா தட்டைச் சாய்ச்சுக் காட்டுச்சு. "தா அடா லா!" ஒண்ணுமில்லையாம்.

கிராணிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "நானே இறங்கித் தேடுறேன்!"னு கரையில நின்னு, கால்சட்டையை மேல சுருட்டக் குனிஞ்சாரு.

மடிப்புல கருகின ஒரு ஓட்டை. அதுலருந்து நீலமா ஒண்ணு எட்டிப் பாத்துச்சு.

"அண்ணே! கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!"

சந்தோஷத்துல குதிச்சாரு. மனுஷன் குதிச்சா மடிப்பும் குதிக்குமில்ல?

ப்ளக்!

இந்தத் தடவை நிஜமாவே ஆத்துல!

ஆ சூ அக்கா எங்களை ஒரு மாதிரியா பாத்துச்சு. அப்புறம் அந்த இடத்துலயே தட்டை முக்கி, மணலோட அள்ளி, நாலு சுழட்டு சுழட்டுச்சு. மண்ணெல்லாம் போய், பூ மேல தெரிய என் ஆணி!

"பாகுஸ்!"னு பூவைப் பாராட்டிட்டு நீட்டுச்சு. எனக்கு அதைக் கும்பிடணும் போல இருந்துச்சு. கும்பிட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை கிராணி வந்தாரு. மூஞ்சி பழையபடி அழுத மூஞ்சி.

"என்ன, துரை கண்டுபிடிச்சுட்டாரா?"

"இல்லண்ணே. ஆணியைத் தடவித் தடவிப் பாத்தாரு. இவ்வளவு நல்லா யாருமே துடைச்சதில்லையாம்."

"அப்புறமென்ன, வேலை தப்பிச்சுதே!"

"தப்பிச்சுது லா. கிளப்புல இருக்கிற துரைமாருங்க துப்பாக்கி எல்லாத்தையும் இனிமே நான்தான் துடைக்கணுமாம்!"

சொல்லிக்கிட்டே பையிலருந்து இன்னொரு சிகரெட் டின்னை எடுத்தாரு. உள்ள ஆணிங்க கலகலன்னுச்சு.

இப்பல்லாம் நெருப்பு மூட்டினா, மோந்து பாக்க வள்ளியைப் பக்கத்துலயே உக்கார வச்சுக்கறேன். என் மூக்கு மூக்குத்தி போடத்தான் லாயக்கு.